உறுதிகளில் உம்மாமார்
சம்மாந்துறையில் வீட்டுக்காணி வாங்க வருகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அது எந்தப் பெண்ணுக்கு வைத்த வளவு என்பதே. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் குடி தாய்வழியே வருகிறது. மணமுடித்த ஆண் மனைவி வீட்டில் குடியேறுகிறான். நான் விலை பேசப்போன முதல் வளவில், "இது பொம்புளப் புள்ளைக்கு வெச்ச வளவு தம்பி, விக்க ஏலா" என்று ஒரு மூத்தம்மா பேச்சை முடித்துவிட்டார்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டுமென விதித்தது. அதன்பின் வாய்ச்சொல் போதவில்லை. சீதன வளவும் உறுதியில் ஏற வேண்டியதாயிற்று. பிறகு நான் வாங்கிய பத்துப் பேர்ச்சின் உறுதிகளைப் பின்னோக்கி வாசித்தேன்: மகள், தாய், தாயின் தாய். ஆண்கள் பெரும்பாலும் சாட்சிகளாகவே வருகிறார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைச் சட்டம், மரண சாசனமின்றி மௌத்தானவர் விட்டுச்சென்றதையே பங்கிடும். வீட்டை உயிரோடிருக்கும்போதே மகளுக்கு எழுதிவிட்டால் பங்குக்கு மிஞ்சுவது வயல்தான். வயலில்லாத குடும்பத்து மகனுக்கு எதுவுமில்லை. மகள்மார் பலரென்றால் வளவும் துண்டு துண்டாகிறது.

எது நியாயம் என்று பேசுவதற்கும் ஆதாரம் வேண்டும். அது பெட்டகங்களில் கிடக்கிறது. காணி விற்றால் பழைய உறுதிகளும் வாங்கியவரோடு போய்விடும். கொடுக்குமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஊரின் வரலாற்றில் நம் உம்மாமாரின் பெயர் இருக்கும் இடம் அதுதான்.