நாணல் தந்த கரும்பு

அடுகோடியில் எங்கள் தெருமுனையில் கரும்புச்சாறு பிழிபவர், கழியின் கொழுந்தாடையை வெட்டி எறிந்த பின்னரே அதனை உருளைகளுக்கிடையே செலுத்துகிறார். அடிக்கரும்பின் சுவை நுனிக்கு இல்லை என்பதை நேயர்கள் அனைவரும் அறிவர். காரணம் யாது?

இலையில் கதிரொளியின் துணையால் உண்டாகும் சர்க்கரை, புளோயம் என்னும் திசுவின் சல்லடைக்குழாய்கள் வழியே தண்டுக்கு இறங்குகிறது. நெல் தனக்குக் கிடைத்ததை மணியில் மாவாக்கி வைக்கிறது. மரவள்ளியோ கிழங்கில் வைக்கிறது. கரும்பு மட்டும் சர்க்கரையைச் சர்க்கரையாகவே தண்டில் சேமிக்கிறது. முதலில் முதிரும் அடிக்கணுக்கள் முதலில் நிறைகின்றன. நுனி வளரும் பருவத்தினது. வந்ததை அன்றன்றே செலவழித்துவிடும்.

இச்சாறு எவ்விசையால் ஓடுகிறது என்பதற்கு ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் முன்ச், சர்க்கரை மிகுந்த இடத்தில் நீர் புகுந்து உண்டாக்கும் அழுத்தமே காரணம் என 1930-இல் விளக்கம் தந்தார். அவ்விளக்கம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, தண்டில் சேரும் இனிப்பைக் கொண்டு கோயம்புத்தூரில் ஓர் அரும்பணி நிறைவேறியிருந்தது.

அக்காலத்து வட இந்தியக் கரும்பு மெலிந்தது, விளைச்சலும் குறைவு. நாடு ஜாவாச் சர்க்கரையை இறக்குமதி செய்துவந்தது. தென்னாட்டின் பருத்த கரும்போ வடபுலத்துக் குளிரைத் தாங்காது. 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. வடக்கே அரிதாகப் பூக்கும் கரும்பு இங்கே நன்கு பூத்து விதை தரும் என்பதே அவ்வூரைத் தேர்ந்ததன் காரணம்.

அங்கே பார்பரும், அவரிடம் உதவியாளராய்ச் சேர்ந்த டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் பருத்த கரும்பைக் காட்டு நாணலுடன் கலந்தனர். நாணலிடம் இனிப்பைத் தேடியவர் ஏமாறுவர். தான் ஆக்கிய சர்க்கரையை அது நாராகவும் மண்ணடித் தண்டாகவும் செலவிட்டுவிடும் ஊதாரி! ஆயினும் வறட்சியும் குளிரும் அதனை எளிதில் சாய்ப்பதில்லை. ஒன்றின் சேமிப்பும் மற்றொன்றின் உறுதியும் கூடிப் பிறந்த 'கோ 205' 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குச் சென்றது. வேலியோரப் புல்லை மணமகனாக்கத் துணிந்ததே என் கருத்தில் இவ்வரலாற்றின் சிறப்பு.

1934-இல் அந்நிலையத்தில் சேர்ந்த ஜானகி அம்மாள் நாணலின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்துடனும் கலந்து பார்த்தார். நெடுங்காலம் கழித்து, 2009-இல் வெளியான 'கோ 0238' வட இந்திய வயல்களைப் பெரிதும் நிரப்பியது. பின்னர்ச் செவ்வழுகல் நோய் அதனைப் பற்றிக்கொண்டது. நோயை வெல்லும் பண்பினைத் தேடி, கரும்பாராய்ச்சியாளர் மீண்டும் நாணலிடமே செல்கின்றனர்.