இரண்டு முறை சொன்னால் எது செல்லும்?



போன மாதம் என் மனைவியின் சமையல் குறிப்புகளைச் சிறு புத்தகமாக்கினேன். அவள் நோட்டில் கைப்பட எழுதி வைத்தவை. அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. பேரன் கற்றுக்கொடுத்த பாண்டாக் என்னும் மென்பொருளில் நானே பக்கம் கட்டி, பத்துப் பிரதி அச்சடித்து வாங்கி வந்தேன். முதல் பக்கத்தைத் திறந்தால், ஆசிரியர் என்ற இடத்தில் அவள் பெயர் இல்லை. என் பெயர் இருந்தது.

தப்பு என்னுடையதுதான். நூல் விவரக் கோப்பைச் சேர்க்கும் ஆப்ஷனை ஒரே கட்டளையில் இரண்டு முறை கொடுத்திருந்தேன். முதலில் அவள் புத்தகத்துக்கான கோப்பு. அடுத்து, எழுத்துருவும் ஓர அளவும் இருக்கிறதே என்று, என் கட்டுரைகளுக்கு வைத்திருந்த பழைய கோப்பு. அதிலும் ஆசிரியர் என்று ஒரு வரி இருந்தது. பின்னால் வந்தது முன்னால் வந்ததை விழுங்கிவிட்டது.

ஏன் அப்படி என்று தேடிப் படித்தபோது இது பழைய கேள்வி என்று தெரிந்தது. 1964ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜெரோம் சால்ட்சர், ரன்ஆஃப் என்ற நிரலை எழுதினார். கணினியில் பக்கம் கட்டும் வேலைக்கு அது ஒரு மூதாதை. அந்த வழியில் பெல் ஆய்வகத்தில் ராஃப் வந்தது. அங்கே காப்புரிமைப் பிரிவின் தட்டச்சர்கள் 1971லேயே அதைப் பயன்படுத்தினார்கள். பின்பு ஜோ ஒசன்னா, அச்சுக்கோக்கும் இயந்திரத்துக்காக டிராஃப் எழுதினார். 1990ல் ஜேம்ஸ் கிளார்க் அதைப் புதிதாக எழுதி ஜிராஃப் என்று வெளியிட்டார்.

ஜிராஃபில் 'எம்' என்ற ஆப்ஷன் ஒரு மேக்ரோக் கோப்பைச் சேர்க்கும். இரண்டு முறை கொடுத்தால் இரண்டையும் வரிசையாகப் படிக்கும். ஆனால் இரண்டிலும் ஒரே பெயரில் ஒரு மேக்ரோ இருந்தால் பிந்தியதே நிற்கும். லாடெக்கில் வேறு வழக்கம். ஆவணத்துக்குள் ஒரு தொகுப்பை மறுபடி அழைத்து, முதலில் சொல்லாத ஆப்ஷனைச் சேர்த்தால், 'ஆப்ஷன் மோதல்' என்று பிழை காட்டும்.

2006ல் பாண்டாக்கை வெளியிட்ட ஜான் மெக்ஃபார்லேன் பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். அதில் பக்க அலங்காரக் கோப்புகளை எத்தனை முறை கொடுத்தாலும் அத்தனையும் வரிசைப்படி சேரும். விவரக் கோப்புகளும் சேரும். ஆனால் ஒரே விவரம் இரண்டில் இருந்தால் பிந்தியதற்கே முன்னுரிமை. இது கையேட்டில் தெளிவாக இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

ஆயுள் முழுக்க ஃபைல் பார்த்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சு ஆணைகளின் தலையில் 'வ்யூ', 'வ்யூ' என்று வரிவரியாக வரும். 'இன்ன சட்டத்தைப் பார்த்து' என்று அர்த்தம். பத்து முறை வந்தாலும் பத்தும் செல்லும். நம் ஆணைகளில் 'முந்தைய ஆணையை ரத்து செய்து' என்று வந்தால் பழையது செத்தது. 'சேர்த்துப் படிக்கவும்' என்று வந்தால் இரண்டும் உயிரோடு இருக்கும். முரண்பட்டால் குறிப்பெழுதி ஃபைலைத் திருப்பி அனுப்புவோம். கணினிக்கும் இதே மூன்று வழிதான். அலுவலகத்தில் எது என்பதை ஆணையே சொல்லும். கணினியில் அது கையேட்டில் இருக்கும். நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

கோப்புகளின் வரிசையை மாற்றினாலே போதும் என்றான் பேரன். நான் என் கோப்பிலிருந்து ஆசிரியர் வரியையே எடுத்துவிட்டேன். பழைய பத்துப் பிரதிகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒவ்வொன்றிலும் என் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, மேலே அவள் பெயரை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். திருத்தினால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.