பலா விழுந்த மைனரும் பெயர்த்தெடுத்த தண்டவாளமும்

 

போன மாதம் அடித்த காற்று மழையில் எங்கள் வளவுப் பலா மரம் முறிந்து, கொட்டிலில் நின்ற வாப்பாவின் மொரிஸ் மைனர் மேல் விழுந்ததைப் பலர் வந்து பார்த்தீர்கள். "ஸேர், இதைச் செய்து எடுக்கப் போறீங்களா, கழட்டி விக்கப் போறீங்களா?" என்று கேட்காதவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறோம். வகுப்பில் வரலாறு படிப்பித்தே பழகிவிட்டோம். கொஞ்சம் பின்னால் போய்த்தான் பதிலுக்கு வருவோம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் சேதம். கூரை ஆசனம் வரைக்கும் அமுங்கிப் போனது. முன் கண்ணாடித் துண்டு இரண்டும் தூள். வலது பக்க முன் மட்கார்ட் மடிந்து சில்லில் முட்டி நிற்கிறது. என்ஜினில் ஒரு கீறலும் இல்லை.

செய்தி பரவி ஒரு கிழமைக்குள் மூன்று பேர் விலை கேட்டு வந்தார்கள். ஒருவருக்கு என்ஜின், கியர் பொக்ஸ், கதவுகள், முன் லைட்டுகள் வேண்டும். இன்னொருவர் முழுவதையும் பழைய இரும்பாக நிறுத்து எடுக்க வந்தார். மூன்றாமவர் காரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவருக்கு வேண்டியது பதிவுப் புத்தகமும் இலக்கத் தகடும் மட்டும்தான்!

இந்தக் காரின் கதையைச் சொல்கிறோம். மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். துருக்கியின் இஸ்மிர் நகரில் 1906 இல் பிறந்து இங்கிலாந்து போனவர். பிறகு மினி காரை உருவாக்கியவரும் அவரே. மைனர் 1948 இல் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது. 1971 வரை ஏறத்தாழ 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. தொடக்கத்தில் 918 சீசீ என்ஜின். 1952 இல் மொரிஸும் ஒஸ்டினும் ஒரே கம்பனியானபோது ஒஸ்டினின் 803 சீசீ என்ஜின் மைனருக்குள் வந்தது. 1956 இல் 948 சீசீ, 1962 இல் 1098 சீசீ. முன் கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் அது 1956 இன் மாற்றத்துக்கு முந்திய கார். எங்களுடையது அந்த இனம்.

அது இந்தப் பக்கம் வந்ததற்கும் ரப்பருக்கும் தொடர்பு உண்டு. 1950 இல் கொரியாவில் போர் தொடங்க உலகச் சந்தையில் ரப்பர் விலை ஏறியது. 1952 இல் சீனாவோடு ரப்பர் - அரிசி ஒப்பந்தம் வந்தது. கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் பால் வெட்டிய ஏழைத் தொழிலாளியின் லயத்தில் பெரிய மாற்றம் வரவில்லை. ஆனால் துரைமார் பங்களாக்களில் புதுக் கார் நின்றது. அப்படி நின்ற ஒன்றைத்தான் மூத்தாப்பா பிறகு பழசாக வாங்கினார்.

பிறகு காலம் மாறியது. நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்து, 1960களின் தொடக்கத்தில் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1970 முதல் 1975 வரை நிதி அமைச்சராக இருந்தவர் எமது அயல் தொகுதியான எட்டியாந்தோட்டையின் பிரதிநிதி கலாநிதி என்.எம். பெரேரா. அந்தக் காலத்தில் சாதாரண குடும்பம் புதுக் கார் வாங்குவது கனவிலும் இல்லை. உதிரிப்பாகம் வருவதும் அபூர்வம். இருந்த கார்களையே ஓட்ட வேண்டும். எப்படி ஓட்டினார்கள்? ஒரு கார் செத்தால் நாலு கார் பிழைத்தது. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் குவிந்து கிடந்த சாமான்கள் எல்லாம் யாரோ ஒருவரின் மோதுண்ட காரிலிருந்து வந்தவைதான்.

எங்கள் காரும் அப்படித்தான் பிழைத்தது. 1970களில் பழைய 803 என்ஜின் உடைந்தபோது, விபத்தில் சிக்கிய ஒரு ஒஸ்டின் ஏ35 இன் 948 என்ஜினை வாப்பா வாங்கிப் பூட்டினார். இரண்டு கம்பனியும் ஒன்றானதால் ஒரே குடும்ப என்ஜின், அதிகம் வெட்டி ஒட்டாமலே உட்கார்ந்தது. பதிவுப் புத்தகத்தில் என்ஜின் இலக்கத்தை முறைப்படி மாற்றியும் கொண்டார். ஆகவே "கழட்டி விற்பது பாவம்" என்று எங்களால் சொல்ல முடியாது. யாரோ கழட்டி விற்றதால்தான் நாங்கள் அந்தக் காரில் பள்ளிக்கூடம் போனோம்.

1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. ஜப்பான் கார்கள் வந்து குவிய, மைனர்கள் மாமரத்தடிக்குப் போயின. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒருவர் மறுபக்கமாக யோசித்தார். பாத் நகரில் மொரிஸ் மைனர் சென்டரை நடத்திய சார்ல்ஸ் வெயார், ஒரு காரைத் தொடர்ந்து பழுது பார்த்து நெடுங்காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்று வாதிட்டவர். அவர் பிறகு இலங்கையிலேயே டியூரபிள் கார் கம்பனியை உருவாக்கி, மைனருக்கான தகடுகளையும் பாகங்களையும் இங்கே செய்வித்தார். மைனரைக் கண்டுபிடித்த நாட்டுக்கு இந்தத் தீவிலிருந்து மைனர் சாமான் போனது! தட்டி, ஒட்டி, உருக்கி வேலை செய்யும் எங்கள் பாஸ்மாரின் கைக்குக் கிடைத்த மரியாதை அது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் மாமரத்தடிக் கார்களுக்கும் விலை வந்ததை நாம் எல்லோரும் கண்டோம்.

இனி இன்னொரு கதை. இது கார் இல்லை, ரயில். எமது பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்ட, கரவனெல்லைப் பக்கமாக எட்டியாந்தோட்டைக்கு ஒரு காலம் ரயில் ஓடியது. களனிவெளிப் பாதையின் கிளை, இரண்டரை அடி அகலச் சிறு தண்டவாளம். 1903 இல் திறந்தார்கள். ரப்பரும் தேயிலையும் அதில்தான் கொழும்புக்கு இறங்கின. உலகப் போர் நடந்த 1942 இல் கிளையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். போர் 1945 இல் முடிந்தது. ரயில் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் எங்களுக்கு ரயில் என்றால் அவிசாவளைக்குப் போக வேண்டும்.

அந்த நேரத்தில் இரும்புக்கு வேறு தேவை இருந்திருக்கும், அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு பாடம் இருக்கிறது. பழுது பார்ப்பதைத் தள்ளிப் போடலாம், நாளைக்கும் பார்க்கலாம். கழட்டுவது அப்படி இல்லை. கழட்டியது கழட்டியதுதான். ஆகவே இரண்டில் எதை அவசரப்படாமல் செய்ய வேண்டும் என்பது தெளிவு.

இதை வைத்துத்தான் நாங்கள் வீட்டில் கூடிப் பேசினோம். மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டோம்.

முதலாவது, கார் யாருடையது? வாப்பா மௌத்தாகி விட்டார். கார் இன்னும் அவர் பெயரில். அப்படியென்றால் அது வாரிசுச் சொத்து. உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. காரில் கை வைக்கும் ஆண்பிள்ளைகள் மட்டும் பேசி முடிக்கும் விஷயம் இல்லை. கட்டிக் கொடுத்த தாத்தாவின் சம்மதம் இல்லாமல் ஒரு ஆணியும் கழட்டக் கூடாது என்று முதலிலேயே தீர்மானித்தோம். பதிவுப் புத்தகத்தை மட்டும் கேட்டவரை அன்றைக்கே அனுப்பி விட்டோம். ஒரு காரின் பெயரை இன்னொரு காருக்கு ஒட்டுவது வியாபாரம் இல்லை, மோசடி. நாளைக்கு அந்தத் தகட்டோடு ஒரு விபத்து நடந்தால் பதில் சொல்ல வருவது வாப்பாவின் பெயர்தான்.

இரண்டாவது, எலும்பு உறுதியா? மைனருக்கு லொறி போலத் தனிச் சட்டம் கிடையாது, பொடிதான் சட்டம். மேலே நசுங்கியது கண்ணுக்குத் தெரியும், கீழே உக்கியது தெரியாது. பக்கத்துக் கராஜ் பாஸ் படுத்துக் கொண்டு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கியர் பொக்ஸுக்குக் கீழே ஒரு குறுக்குத் தாங்கி இருக்கிறது. முன் பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பிகள் அதில்தான் பிடித்திருக்கின்றன. அது உக்கியிருந்தால் கதை முடிந்தது. பின் வில்லுத்தகடு மாட்டும் இடமும் அப்படித்தான். இரண்டும் நல்லபடி இருந்தன. காலடித் தகட்டில் இரண்டு ஓட்டை, அது வெல்டிங் வேலை. வலது முன் சில்லின் கீழ் மூட்டு தேய்ந்திருந்தது, அது எங்கள் பிழை. வாப்பா மாதம் தவறாமல் அதற்குக் கிரீஸ் அடிப்பார். நாங்கள் அடிக்கவில்லை. மரம் விழாவிட்டாலும் ஒரு நாள் சில்லு மடிந்திருக்கும்.

மூன்றாவது, செலவை யார் தாங்குவது? இதில்தான் சத்தம் கூடியது. "பிள்ளைகளின் ரியூஷன் காசைக் கொண்டுபோய் இரும்பில் கொட்டவா?" என்று நானா கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய கேள்விக்கு மற்றவர்கள் கோபப்படவில்லை. கடன் வாங்குவதில்லை, கையில் சேர்வதற்கு ஏற்ப வேலை, இரண்டு வருடத்துக்குள் கார் சாலையில் ஓடாவிட்டால் முழுதாக இன்னொரு மைனர்காரருக்குக் கொடுப்பது என்று முடிவானது. நானாவும் சரி என்றார். அதுவரை பேசாமல் இருந்த உம்மா, "வாப்பா இருந்தா முதல்ல கிரீஸ் அடிச்சிருப்பாரு" என்றார். அவ்வளவுதான்.

ஆக, கார் செய்யப்படும், இன்ஷா அல்லாஹ்.

ஆனால் ஒரு உதவி வேண்டும். எங்கள் கூரையைத் தட்டி நிமிர்த்த முடியாது. 1956 க்குப் பிந்திய மைனரின் கூரை எங்களுடையதற்குப் பொருந்தாது, முன் கண்ணாடி வேறு அளவு. இரண்டு துண்டுக் கண்ணாடி மைனரின் கூரையே வேண்டும். அதாவது எங்கள் கார் பிழைக்க, பிழைக்கவே முடியாத இன்னொரு கார் வேண்டும். தெரணியகலை, ருவான்வெல்லை, கித்துல்கல பக்கம் எந்த வளவிலாவது, எந்தப் பழைய பங்களாக் கொட்டிலிலாவது அப்படி ஒன்று கிடந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். அது கீழே முழுக்க உக்கியிருந்தாலும் பரவாயில்லை, உரிய விலை தருவோம். உக்கவில்லை என்றால் எங்களுக்குத் தர வேண்டாம். நீங்களே ஒரு பாஸைக் கூப்பிட்டுக் கீழே தட்டிப் பாருங்கள். இரும்புக்காரருக்கு மட்டும் அவசரப்பட்டு நிறுத்துக் கொடுத்து விடாதீர்கள்.

எட்டியாந்தோட்டை ரயில் ஓடியதைத் தங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருந்தால், ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள். பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்க ஆசை. பிளேன்டீ எங்கள் பொறுப்பு.