புனேயில் கற்ற ஸ்வரம், பம்பாயில் பிடித்த ஜாஸ்

‘வஞ்சிக்கோட்டை வாலிப’னில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் மோதும் நடனத்தைப் பார்க்காத தமிழ் ரசிகர் குறைவு. உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘சபாஷ், சரியான போட்டி’ என்று சொல்லி, பி.எஸ்.வீரப்பா காலத்துக்கும் பெயர் வாங்கிக்கொண்டார். பாட்டை எழுதியவர் கொத்தமங்கலம் சுப்பு, பாடியவர்கள் பி.லீலாவும் ஜிக்கியும். இதுவரை பலரும் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். இசை யார் என்று கேட்டால்தான் தயங்குவார்கள். 1958-இல் வந்த அந்தப் படத்தின் டைட்டிலில் இருக்கும் பெயர் சி.ராமச்சந்திரா. கர்நாடக நடையில் போய்க்கொண்டிருக்கும் பாட்டு, வைஜயந்திமாலா மேடைக்கு வந்ததும் சட்டென்று தாளம் மாறித் துள்ளுகிறதே, அதில் மராட்டிய லாவணியின் வேகம் எனக்குக் கேட்கிறது. கேட்பதில் வியப்பில்லை. அவர் மராட்டியர், புனேயில் சங்கீதம் படித்தவர்.

வடக்கே அவரை வேறு ஒன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். பெரிய ஓட்டல்களில் கோட்டு சூட்டு போட்டவர்கள் ஆடுவதற்காக வாசிக்கப்பட்ட ஜாஸ் இசையை, டீக்கடை ரேடியோவில் எல்லோரும் முணுமுணுக்கும் பாட்டாக மாற்றியவர் அவர். மெட்டும் போட்டார், ‘சிதல்கர்’ என்ற பெயரில் பாடவும் செய்தார். இந்திய சினிமாவின் முதல் ஜாஸ் பாடகர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் என் கை அவரைத்தான் காட்டும்.

முழுப் பெயர் ராமச்சந்திர நர்ஹர் சிதல்கர். 1918 ஜனவரி 12 அன்று அகமத்நகர் மாவட்டத்துப் புண்தாம்பாவில் பிறந்தார். பையனுக்குப் பாட்டு வரும் என்று தெரிந்ததும் புனே காந்தர்வ மகாவித்யாலயத்தில், விநாயக்புவா பட்வர்தனிடம் சேர்த்தார்கள். விஷ்ணு திகம்பர் பலுஸ்கரின் நேர் சீடர்களில் ஒருவர் விநாயக்புவா. குவாலியர் பாணி கயாலில் பெரிய வித்வான்; பால கந்தர்வரின் நாடக கம்பெனியில் நடித்துப் பாடியவரும்கூட. ராகம் சுத்தமாக இருக்க வேண்டும், அதே சமயம் கடைசி வரிசை டிக்கெட்காரனுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும் என்பது நாடக மேடையின் சட்டம். அப்படிப்பட்ட குருவிடம் பாடம் கேட்டது பையனுக்குப் பின்னால் எவ்வளவு உதவியது என்பதை அவர் பாட்டுகளே சொல்கின்றன. நாக்பூரில் சங்கர்ராவ் சப்ரேயிடமும் கொஞ்ச காலம் கற்றிருக்கிறார்.

அந்தக் காலத்துப் புனே இரண்டு ஊர்களாக இருந்தது. பழைய பேட்டைகளில் கீர்த்தனையும் நாடக சங்கீதமும் கணேசோற்சவக் கச்சேரியும். கேம்ப் என்று சொல்லப்பட்ட ராணுவக் குடியிருப்பில் பாண்டு வாத்தியம், கிளப், குதிரைப் பந்தயம். மழைக்காலம் வந்தால் பம்பாய் கவர்னரே புனேவுக்கு வந்து தங்கிவிடுவார். பேட்டைக்காரர்கள் கேம்ப் இசையைத் தங்களுடையதாக நினைத்ததில்லை. கேம்ப்காரர்களுக்குப் பேட்டை சங்கீதம் புரிந்ததுமில்லை. இந்த இரண்டு ஓசைகளையும் ஒரே ரெக்கார்டில் சேர்க்கப்போகிற ஆள், அப்போது பேட்டைப் பக்கம் தம்புராவுக்கு முன்னால் உட்கார்ந்து ஸ்வரம் போட்டுக்கொண்டிருந்தான்.

நடிகனாக வேண்டும் என்பதுதான் முதல் ஆசை. 1935-இல் ‘நாகானந்த்’ படத்தில் கதாநாயகன் வேடமே கிடைத்தது. டைரக்டர் ஒய்.வி.ராவ், இரண்டு ஆண்டு கழித்து எம்.கே.தியாகராஜ பாகவதரை வைத்துச் ‘சிந்தாமணி’ எடுத்தவர். ஆனால் ராமச்சந்திராவுக்கு அந்தப் படம் கை கொடுக்கவில்லை. சோராப் மோடியின் மினர்வா மூவிடோனில் துண்டு வேடங்கள் கட்டினார். பிறகு வேடத்தை விட்டுவிட்டு அதே கம்பெனியில் ஹார்மோனியம் வாசிக்க உட்கார்ந்தார். இசையமைப்பாளர்களுக்குப் பக்கத்தில் இருந்து மெட்டு எப்படிப் பிறக்கிறது, பாடகர் எங்கே தடுமாறுகிறார், டைரக்டர் எதைக் கேட்டால் முகம் மலர்கிறார் என்பதையெல்லாம் பார்த்துக் கற்ற காலம் அது.

தனியாக இசையமைக்கும் முதல் வாய்ப்பு இந்தியில் வரவில்லை, தமிழில் வந்தது. அவருடைய நண்பர் பகவான் அப்போது ஸ்டண்ட் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். ‘ஜெயக்கொடி’, ‘வனமோகினி’ என்ற இரண்டு தமிழ்ப் படங்களை இயக்க வந்தார், இசைக்கு ராமச்சந்திராவைக் கூட்டி வந்தார். 1941-இல் வந்த ‘வனமோகினி’யை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. இலங்கையிலிருந்து வந்த கே.தவமணிதேவி, ஹாலிவுட்டின் டோரதி லாமூர் பாணியில் காட்டு ராணியாக வந்து தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். கதாநாயகன் எம்.கே.ராதா. யானை சந்துருவுக்கும் முக்கிய வேடம். மொழி தெரியாத இருபத்து மூன்று வயது இளைஞருக்கு நம்மூர்ப் படம் தொழிலைத் தொடங்கி வைத்தது என்பதை இசை வரலாறு எழுதுகிறவர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய விஷயமாகவே படுகிறது. பின்னாளில் அவர் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் திரும்பத் திரும்ப வந்ததற்கு அங்கேதான் வேர் இருக்கிறது.

அடுத்த ஆண்டே ‘சுகி ஜீவன்’ மூலம் இந்திக்குப் போனார். 1947-இல் ‘ஷெஹ்னாய்’ வந்தது. அதில், ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லிக் காதலியை அழைக்கும் ‘ஆனா மேரி ஜான்’ பாட்டு நாடெங்கும் தீயாகப் பரவியது. விசில், கிட்டார், மௌத்ஆர்கன், பேச்சு வழக்கில் ஆங்கிலம் கலந்த வரிகள். சினிமா பாட்டு என்றால் ஹார்மோனியம், தபேலா, சாரங்கி என்று இருந்தவர்களுக்கு இது புதுக் காற்று. முகம் சுளித்தவர்களும் உண்டு. பாட்டு அவர்களைக் கேட்டுக்கொண்டு ஓடவில்லை.

இந்த ஓசை பம்பாய்க்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 1935-இல் அமெரிக்கக் கறுப்பின வயலின் கலைஞர் லியான் ஆபி தன் குழுவோடு தாஜ்மகால் ஓட்டலில் வாசிக்க வந்தார். அவருக்குப் பின் கார்னெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், பியானோ மேதை டெடி வெதர்போர்டு என்று பலர் வந்து தங்கினார்கள். கூட உட்கார்ந்து வாசித்துக் கற்றுக்கொண்டவர்களில் கோவாக்காரர்கள் அதிகம். போர்த்துகீசிய ஆட்சியில் கோவாவின் மாதா கோயில் பள்ளிகளிலேயே பிள்ளைகளுக்கு மேற்கத்திய ஸ்வரக் குறிப்பை வாசிக்கச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நோட்ஸைப் பார்த்தால் அப்படியே வாசிப்பார்கள். வெள்ளைக்காரர்கள் கப்பலேறிப் போனார்கள், 1949-இல் பம்பாயில் மதுவிலக்குச் சட்டமும் வந்தது. இரவு விடுதிகளின் வருமானம் சரிந்தது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் பிழைப்புக்காக ரெக்கார்டிங் தியேட்டர் வாசலுக்கு வந்து நின்றன.

வந்தவர்களில் ஒருவர் அந்தோனியோ சேவியர் வாஸ். மேடையில் எல்லோருக்கும் சிக் சாக்லேட். கோவாவின் அல்டோனா கிராமத்துக்காரர். டிரம்பெட் வாசிப்பதிலும் கரகரத்த குரலில் பாடுவதிலும் லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் போலவே இருந்ததால் ‘இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங்’ என்று பெயர் வாங்கியவர். அவரை ராமச்சந்திரா தன் உதவியாளராக வைத்துக்கொண்டார். ராமச்சந்திராவையே கேட்டால், பென்னி குட்மனின் கிளாரினெட் வாசிப்பு பிடிக்கும் என்பார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

அன்றைய வேலைமுறை இது. சிட்டிங்கில் ஹார்மோனியத்தோடு உட்கார்ந்து இசையமைப்பாளர் மெட்டைப் பாடுவார். கோவாக்கார உதவியாளர் பக்கத்தில் அதைக் குறிப்பாக எழுதிக்கொண்டே போவார். எந்த இடத்தில் டிரம்பெட் பதில் சொல்ல வேண்டும், சாக்ஸபோன் மூன்றும் சேர்ந்து எந்த ஸ்வரங்களைப் பிடிக்க வேண்டும், கிட்டார் எங்கே வெட்டி வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் ஏறும். ரெக்கார்டிங் அன்று பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே மூச்சில். ஒருவர் தவறினால் முதலிலிருந்து. படத்தின் டைட்டிலில் இசையமைப்பாளர் பெயர் பெரிதாக வரும், எழுதியவர் பெயர் பல சமயம் வராது. இந்த அநீதியை ராமச்சந்திரா ஒரு வகையில் ஈடு செய்தார். 1951-இல் பகவான் சொந்தமாக எடுத்த ‘அல்பேலா’வில் ஒரு பாட்டுக் காட்சியில் சிக் சாக்லேட்டையும் அவர் குழுவையும் திரையிலேயே பார்க்கலாம். சட்டைக் கைகளில் அடுக்கடுக்காகச் சுருக்கம் வைத்த லத்தீன் அமெரிக்க உடையில் நின்று வாசிக்கிறார்கள்.

‘அல்பேலா’ ராமச்சந்திராவின் சிகரம். பகவான், கீதா பாலி ஜோடி. ‘ஷோலா ஜோ படுகே’ பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். பாங்கோ தட்டல் ஆரம்பிக்கிறது. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் மாறிமாறிக் கேள்வி பதில் நடத்துகின்றன. அதன் மேல் ராமச்சந்திராவும் லதா மங்கேஷ்கரும் அலட்டிக்கொள்ளாமல் பாடுகிறார்கள். வாத்தியங்களை எல்லாம் எடுத்துவிட்டு மெட்டை மட்டும் தனியாகப் பாடிப் பார்த்தால் அது முழுக்க நம் நாட்டு மெட்டு. எட்டு மாத்திரை கஹர்வா தாளத்தைக் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் தள்ளிப் போட்டால் ஜாஸின் ஊஞ்சல் நடை வந்துவிடும் என்பதை அவர் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவரைப் பின்பற்றியவர்கள் பலர் வாத்தியத்தைப் பிடித்தார்கள், மெட்டைத் தவறவிட்டார்கள். அதே படத்தில் பீலு ராகத்தில் ஒரு தாலாட்டும் இருக்கிறது. இரண்டையும் போட்டது ஒரே கை என்று சொன்னால் புதிதாகக் கேட்பவர் நம்ப மாட்டார்.

வெளிநாட்டு மெட்டை எடுத்தாண்டதும் உண்டு. 1950-இல் வந்த ‘சமாதி’ படத்தின் ‘கோரே கோரே’ பாட்டு, எட்முண்டோ ராஸ் குழுவின் லத்தீன் பாட்டு ஒன்றைத் தழுவியது. ரசிகர்கள் அதை நூறு சதவீதம் இந்தியப் பாட்டாகவே ஏற்றுக்கொண்டாலும், தழுவல் தழுவல்தான். 1957-இல் ‘ஆஷா’வுக்காகப் போட்ட ‘ஈனா மீனா டீகா’ அப்படியில்லை. அறைக்கு வெளியே குழந்தைகள் ஆங்கில எண்ணுப் பாட்டுச் சொல்லி விளையாடியதிலிருந்து பொறி கிடைத்தது என்பார்கள். உதவியாளர் ஜான் கோமஸ் கோவாக்காரர் என்பதால் கொங்கணிச் சொற்களும் உள்ளே வந்தன. அர்த்தமில்லாத அசைகளைத் தாளத்துக்குள் உருட்டிப் பாடும் ஜாஸ் முறை, கிஷோர் குமார் குரலில் இந்தியத் தெருக்களுக்கு வந்தது. இந்தப் படத்திலும் நம்மவர் கை இருக்கிறது. டைரக்டர் ஏ.வி.எம்.மின் ‘வாழ்க்கை’யை எடுத்த எம்.வி.ராமன். கதாநாயகி வைஜயந்திமாலா.

தமிழ்நாட்டோடு அவருக்கு இருந்த உறவில் எனக்கு மிகவும் பிடித்த கதை ‘ஆசாத்’. ‘மலைக்கள்ளன்’ வெற்றிக்குப் பிறகு, கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு அதையே திலீப் குமார், மீனா குமாரியை வைத்து இந்தியில் எடுத்தார். பாட்டெல்லாம் ஒரு மாதத்துக்குள் வேண்டும் என்று நௌஷத்திடம் போனார். பாட்டு என்ன மளிகைச் சாமானா என்று நௌஷத் மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். ராமச்சந்திரா ஒப்புக்கொண்டார், முடித்தும் கொடுத்தார். 1955-இல் படம் வந்தபோது அவசரத்தின் தடம் எதிலும் இல்லை. சாயி–சுப்புலட்சுமி ஜோடி ஆடிய பாட்டு, தமிழ் நாட்டியத்தின் சுறுசுறுப்பை வடக்கே கொண்டுபோனது. அவருக்கு உயிரான பாகேஸ்ரீ ராகத்தில் ‘ராதா ந போலே’ அமைந்தது. தலத் மெஹ்மூத் பாட வேண்டிய ஒரு காதல் பாட்டை, தானே தலத்தைப்போலக் குரலை மெல்ல நடுங்கவிட்டு லதாவோடு பாடினார். ‘அல்பேலா’வில் துள்ளிய அதே சிதல்கரா இது என்று தோன்றும்.

அதே ஆண்டு ஜெமினி எஸ்.எஸ்.வாசன் திலீப் குமாரையும் தேவ் ஆனந்தையும் சேர்த்து எடுத்த ‘இன்சானியத்’துக்கும் அவர்தான் இசை. பின்னர் ‘வஞ்சிக்கோட்டை வாலிப’னும் அதன் இந்தி வடிவமான ‘ராஜ் திலக்’கும், 1959-இல் ‘பைகாம்’. அந்தப் ‘பைகாம்’தான் தமிழில் ‘இரும்புத்திரை’ ஆனது. வேகமாக வேலை முடிப்பார், வேகத்தில் தரம் குறையாது. ஜெமினிக்கும் பட்சிராஜாவுக்கும் இதைவிட என்ன வேண்டும்?

அறுபதுகளில் இந்திப் பட வாய்ப்புகள் குறைந்தன. லதாவோடும் பிணக்கு ஏற்பட்டு, சில காலம் இருவரும் சேர்ந்து வேலை செய்யவில்லை. சீனப் போரில் உயிர்விட்ட வீரர்களுக்காகக் கவி பிரதீப் எழுதிய பாட்டு அந்த இடைவெளியைத் தாண்டியது. 1963 ஜனவரி 27, டெல்லி நேஷனல் ஸ்டேடியம். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனும் பிரதமர் நேருவும் முன்னால் அமர்ந்திருக்க, லதா பாடிய ‘ஏ மேரே வதன் கே லோகோ’ நாட்டையே கலங்க வைத்தது. மெட்டு ராமச்சந்திராவுடையது. அதில் டிரம்பெட் கேள்வி பதில் இல்லை, பாங்கோ இல்லை. விநாயக்புவாவின் மாணவன் மட்டும் இருந்தான்.

அதன் பிறகு அவர் மனம் மராத்தி பக்கம் திரும்பியது. ‘தனஞ்சய்’, ‘கர்குல்’ என்று இரண்டு மராத்திப் படங்களைத் தயாரித்து, நடித்து, இசையமைத்தார்.  பழைய நடிப்பு ஆசை ஐம்பது வயதையொட்டித் தீர்ந்தது. புனே வானொலியில் 1955 முதல் ‘கீத ராமாயண’த்தால் மராத்தியரைக் கட்டிப்போட்ட கவிஞர் க.தி.மாட்கூள்கர், கண்ணன் கதையை ‘கீத் கோபால்’ என்று எழுதினார். அதற்கு ராமச்சந்திரா மெட்டமைத்தார், தானே மேடையேறிப் பாடவும் செய்தார்.

1977-இல் ‘மாஜ்யா ஜீவனாசி சர்கம்’ என்ற தன்வரலாற்றை மராத்தியில் எழுதினார். ஒளிவுமறைவு இல்லாத புத்தகம் என்பதால் அது சர்ச்சைகளையும் கிளப்பியது. 1982 ஜனவரி 5 அன்று பம்பாயில் காலமானார். அறுபத்து நான்காவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருந்தது.

(தொடரும்)