கிளாஷ் இசையும் வன்னிப் போரும்

1976இல் லண்டனில் உருவாகிய தி கிளாஷ், வேகமும் எதிர்ப்புணர்வும் கூடிய 'பங்க்' எனும் ராக் இசைவகையைச் சேர்ந்த குழுவாயினும், யமேக்காவின் ரெகே இசையையும் தனதாக்கிக்கொண்டமையே அதன் பெருஞ்சிறப்பாகும். 1986இல் அது கலைந்தது. குடியேறிகளின் இன்னலைப் பாடும் அதன் 1982ஆம் ஆண்டுப் பாடலான 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்'லின் இசைத்துணுக்கை, பழைய ஒலிப்பதிவை வெட்டியெடுத்து மீளப் பயன்படுத்தும் 'சாம்பிளிங்' முறையில், லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்த மாயா அருள்பிரகாசம் எனும் எம்.ஐ.ஏ., 2007இல் வெளியான 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலுக்கு அடித்தளமாக்கினார். கிளாஷ் உறுப்பினரும் அதன் இணை ஆக்குநர்களாகப் பதிவாயினர். அப்பாடல் கிராமி விருதுக்கு முன்மொழியப்பட, 2009 பெப்ரவரி 8 அன்று நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் அவ்விழா மேடையில் பாடியபோது, இலங்கையின் வடபகுதியான வன்னியில் நடந்த உள்நாட்டுப் போரில் கிளிநொச்சி சனவரி 2இலும் முல்லைத்தீவு 25இலும் அரச படையினர் வசமாகியிருந்தன. வன்னி மக்களின் அவலத்தை அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் எடுத்துரைத்தமை, கிளாஷ் குழு முன்னெடுத்த எதிர்ப்பிசை மரபின் நேரடித் தொடர்ச்சியே எனலாம்.