காணிக்கை

‘காண்’ என்ற வினையடியாகப் பிறந்த சொல் காணிக்கை. பெரியவரையோ தெய்வத்தையோ காணச் செல்பவர் வெறுங்கையோடு போகாமல் கொண்டுபோய் வைப்பது அது. கோயில் உண்டியலில் விழுவதும் காணிக்கை. தேவாலயத்தில் பாட்டுப் பாடும்போது வரிசை வரிசையாக நகர்ந்து வரும் பையில் விழுவதும் காணிக்கை. அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் தேங்காயும் கால் கட்டிய சேவலும் காணிக்கையாக வந்து, ஏலத்தில் பணமாகும்.

சேர்ந்தது யாருக்கு? ஆதித் திருச்சபைக்கு இதில் ஐயமே இல்லை. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், ஞாயிறு வழிபாட்டில் சேர்வது சபைத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டதை எழுதியிருக்கிறார். வசதியுள்ளவர்கள் விருப்பம்போல் கொடுத்தார்கள். அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோர், ஊருக்குப் புதியவர்கள் ஆகியோரை அந்தப் பணம் தாங்கியது.

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தில் இந்தக் ‘காண்’ மறுபடி நம் முன் நிற்கிறது. நியாயத்தீர்ப்பு நாளில், ஆண்டவரைப் பசித்தவராக எப்போது கண்டோம் என்று நீதிமான்கள் வியந்து கேட்கிறார்கள். மிகச் சிறியவர் ஒருவருக்குச் செய்ததெல்லாம் தமக்கே செய்ததுதான் என்று அவர் விடை தருகிறார்.

ஆண்டவரைக் காணப் போகிறவர் கொண்டுபோவதுதான் காணிக்கை. அவரோ ஏழையின் முகத்தில் காத்திருக்கிறார். பசித்தவரைப் போய்ச் சேரும்போதே அந்தச் சொல் நிறைவடைகிறது. அதுவரை பையில் கிடப்பது காசுதான்.