சாய்ந்தமருது: வர்த்தமானிக்குப் போன ஒரு பெயர்

மரத்தால் பெயர் பெற்ற ஊர்களுக்கு இலங்கையின் கிழக்குக் கரையில் குறைவில்லை. கல்முனைக்கு வடக்கே மருதமுனை, அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் ஆலையடிவேம்பு. கல்முனைக்கும் காரைதீவுக்கும் இடையில், கடலோரமாக உள்ள சாய்ந்தமருதின் பெயர் இவற்றிலிருந்து கொஞ்சம் விலகி நிற்கிறது. முனை, குடா, சேனை, குடியிருப்பு என நிலத்தைச் சொல்லும் சொல் எதுவும் அதில் இல்லை. ஒரு பெயரெச்சமும் ஒரு மரமும்தான். சாய்ந்து நின்ற மருத மரமொன்றை அடையாளம் சொல்லிப் பழகியதே ஊர்ப் பெயராயிற்று என்பது ஊர் வழக்கு. பெயரின் இலக்கணமும் அதற்குத்தான் ஒத்துவருகிறது.

நாகப்பட்டினக் கரையில் விழுந்தமாவடி என்றோர் ஊர் உண்டு. அங்கே மாமரத்துக்குப் பின்னால் ‘அடி’ வந்து இடத்தைக் காட்டிவிடுகிறது. இங்கே மரமே ஊர். தேவாரத்தில் வரும் இடைமருதும் இப்படித்தான் மரத்தின் பெயரோடு நின்றது. பிறகு ‘ஊர்’ ஒட்டித் திருவிடைமருதூர் ஆயிற்று. சாய்ந்தமருதுக்கு அந்த ஒட்டுக்கூட வரவில்லை. மருதுக்குச் சிங்களத்தில் கும்புக் என்று பெயர். ஆனாலும் சிங்களத்தில் இந்த ஊரை எழுதுகிறவர்கள் பெயரை மொழிபெயர்ப்பதில்லை, ஒலியை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு தெளிவான பெயர் இருந்தும், ஊருக்கென்று இருந்த உள்ளூராட்சி மன்றத்தில் அது இல்லை. 1987 வரை அங்கே இயங்கியது கரைவாகு தெற்குக் கிராம சபை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பழைய நிர்வாகப் பிரிவுகளைப் ‘பற்று’ என்பார்கள்: மண்முனைப்பற்று, சம்மாந்துறைப்பற்று, கரைவாகுப்பற்று. கரைவாகைக் கரவாகு என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்தப் பற்றை வடக்கு, தெற்கு, மேற்கு என்று திசை சொல்லிப் பிரித்தபோது, சாய்ந்தமருதுக்குக் கிடைத்த பெயர் ‘தெற்கு’. அலுவலகத்தில் திசை, வாயில் மரம். பெயர் எதுவானாலும் சபை ஊருடையது. தெருவிளக்குக்கும் வடிகாலுக்கும் யாரிடம் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

1987-இல் பிரதேச சபைச் சட்டம் வந்தது. கரைவாகின் மூன்று கிராம சபைகளும் கல்முனைப் பட்டின சபையும் சேர்ந்து கல்முனைப் பிரதேச சபையாயின. அது பின்னர் நகர சபையாகி, மாநகர சபையாகவும் உயர்ந்தது. கரைவாகு என்ற சொல் வயல் பக்கம் ஒதுங்கிவிட்டது; கரைவாகு வட்டை என்றால் இன்றும் விவசாயிக்குத் தெரியும். சாய்ந்தமருதுக்குத் தனிப் பிரதேச செயலகம் கிடைத்தது, பதினேழு கிராம சேவகர் பிரிவுகளோடு. ஆனால் பிரதேச செயலகம் கொழும்பின் கை. ஊர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சபை அல்ல அது. ஊரின் தோணா எனும் நீரோடையில் குப்பை தேங்கினால் கல்முனையைத்தான் கேட்க வேண்டும்.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியபோது ‘நல்லாட்சி’ என்பது ஓர் அரசாங்கத்தின் பெயராகவே ஆகிவிட்டது. தேர்தல் மேடைகளில் சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை தருவதாக வாக்குறுதிகள் வந்தன. ஈராண்டு கடந்தும் வர்த்தமானி வரவில்லை. 2017 இறுதியில் ஊர் கடையடைத்து ஹர்த்தாலில் இறங்கியது. முன்னே நின்றது கட்சி அல்ல, சாய்ந்தமருது – மாளிகைக்காடு ஜும்ஆ பெரிய பள்ளிவாசல். அதை நடத்துகிறவர்கள் மரைக்காயர்கள். இந்தப் பக்கத்தில் மரைக்காயர் என்றால் காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ போலக் குடும்பப் பெயர் அல்ல; தாய்வழிக் குடிகளின் சார்பில் பள்ளி நிர்வாகத்தில் அமர்கிறவர். கட்சிகளுக்கு முன்பே ஊரில் இருந்த அமைப்பு பள்ளிவாசல். வீடு வீடாகச் செய்தி போய்ச்சேர அதற்குப் புதிதாகக் கிளை திறக்க வேண்டியிருக்கவில்லை.

அதே அரசு கொண்டுவந்த தேர்தல் சீர்திருத்தம் ஊருக்கு இன்னொரு கருவியைக் கொடுத்தது. புதிய முறையில் அறுபது சதவீத உறுப்பினர்கள் வட்டாரங்களிலிருந்து வர வேண்டும். ‘வட்டாரம்’ என்ற பழைய சொல் வாக்குச்சீட்டோடு திரும்பி வந்தது. 2018 பெப்ரவரி 10 தேர்தலில் தோடம்பழச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு சாய்ந்தமருது வட்டாரங்களை வென்று, கல்முனை மாநகர சபையில் 9 ஆசனங்களைப் பெற்றது. பெரிய கட்சிகளின் கோட்டை என்று சொல்லப்பட்ட ஊரில் இது சின்ன விஷயமல்ல. ஆனாலும் பள்ளிவாசல் வாக்கைத் திரட்டும்போது, மாற்றுக் கருத்துள்ளவர் ஜமாஅத்துக்கு எதிரானவராகப் பார்க்கப்படும் ஆபத்து உண்டு. கோரிக்கை நியாயமானது என்பதற்காக அதை மறைக்கக் கூடாது.

கல்முனையின் பயத்தையும் பொய் என்று நான் சொல்லமாட்டேன். சாய்ந்தமருது மட்டும் பிரிந்தால் மிஞ்சும் மாநகர சபையில் முஸ்லிம்களின் எண்ணிக்கைப் பலம் குறையும். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்கும் தமிழர்களின் கோரிக்கையும் பக்கத்திலேயே நிற்கிறது. பிரிப்பதானால் நான்காகவே பிரியுங்கள் என்று கல்முனை கேட்டது. இருந்த நான்கைத் திருப்பிக் கேட்பது அது. அதுதான் சரியான வழி என்றே எனக்கும் படுகிறது.

2019 ஏப்ரல் 26 இரவு, ஈஸ்டர் தாக்குதலோடு தொடர்புடையவர்கள் ஒளிந்திருந்த வீட்டில் நடந்த மோதலால் இந்தப் பெயர் உலகச் செய்திகளில் ஏறியது. அந்த வீட்டைப் பற்றித் தகவல் கொடுத்தவர்கள் ஊர்மக்களே. அந்தச் செய்தி பெயர் போன தூரம் போகவில்லை.

2020 பெப்ரவரி 14-ஆம் திகதி அதிவிசேட வர்த்தமானி வெளியானது: சாய்ந்தமருது நகர சபை. மன்றமொன்றின் பெயராக மருத மரம் முதன்முதலாக அரச ஏட்டில் ஏறியது அன்றுதான். சபை 2022 மார்ச்சில் இயங்கத் தொடங்கும் என்றிருந்தது. நாட்டின் தெற்கில் எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு வாரம் முடிவதற்குள் அமைச்சரவை அதை நிறுத்திவைக்கத் தீர்மானித்தது. வர்த்தமானியில் வந்த பெயருக்கு அலுவலகமும் இல்லை, தவிசாளரும் இல்லை.

இப்போது பிணக்கு நீதிமன்றத்தில். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து கல்முனை மாநகர சபையில் மக்கள் தேர்ந்த உறுப்பினர் எவருமில்லை. 2024-இல் மாற்றத்தைச் சொல்லித் தேசிய மக்கள் சக்தி ஆட்சிக்கு வந்தது. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது, வழக்கின் காரணமாகக் கல்முனைக்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. மாளிகைக்காடு காரைதீவுப் பிரதேச சபைக்குள் வருவதால் அங்குள்ளவர்கள் அன்று வாக்களித்தார்கள். வெள்ளிக்கிழமை அவர்களோடு ஒரே பள்ளியில், ஒரே ஸஃப்பில் தொழும் சாய்ந்தமருதார் வாக்களிக்கவில்லை.